பவுண்ட் ஒரே ராத்திரியில் விழுந்துவிட்டது: ஊருக்கு இப்போது பணம் அனுப்பலாமா, பொறுக்கலாமா?

ஹாரோ_குடித்தனம் (24 ஜூன் 2016, வெள்ளி இரவு)

எல்லோருக்கும் வணக்கம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா (ரீமெய்ன்), வெளியேறுவதா என்று நேற்று வாக்கெடுப்பு நடந்ததே, அதனால் நேற்று காலையில் இருந்து தூங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் பக்கம் அப்பா பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். சுவர் லிண்டல் மட்டம் தாண்டிவிட்டது, அடுத்தது மேலே கான்கிரீட். கம்பி, சிமெண்ட், சென்ட்ரிங் ஆட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதக் கடைசிக்குள் பணம் கைக்கு வரவேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதற்காக 8,000 பவுண்ட் சேர்த்து வைத்திருந்தேன். வியாழக்கிழமை மதியமே அனுப்பியிருக்கலாம், அன்றைக்கு நான் வழக்கமாக அனுப்பும் கடையில் பவுண்டுக்கு 98 ரூபாய் 50 காசு கொடுத்தார்கள். ஆபீசில் எல்லோரும் "ஒரு நாள் பொறு, ரீமெய்ன்தான் ஜெயிக்கும், வெள்ளிக்கிழமை 102, 103 போகும்" என்றார்கள். பெட்டிங் கடைகளும் அப்படித்தான் சொல்லின. ராத்திரி பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் வெளியேறச் சொல்லிப் பிரச்சாரம் செய்த நைஜல் ஃபராஜே ரீமெய்ன் ஜெயிக்கும் போலிருக்கிறது என்ற மாதிரி பேசினார். அதற்குப் பிறகு நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்?

காலை 4:40-க்கு பிபிசியில் டேவிட் டிம்பிள்பி வெளியேறு பக்கம் ஜெயித்துவிட்டது என்று சொன்னபோது நானும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். எட்டேகாலுக்கு மேல் பிரதமர் கேமரன் வீட்டு வாசலில் நின்று பதவி விலகுவதாகச் சொல்கிறார். மதியம் கடைக்குப் போனால் 92 ரூபாய். 8,000 பவுண்டுக்கு 52,000 ரூபாய் குறைகிறது. அந்தப் பணத்தில் ஒரு டன் கம்பி வாங்கியிருக்கலாம். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்போது கேள்வி. உடனே அனுப்பிவிடுவதா, இல்லை ஒன்றிரண்டு வாரத்தில் பவுண்ட் ஏறுமா? இன்னொன்று, ரெயினர்ஸ் லேன் பக்கம் ஒரு இரண்டு படுக்கையறை ஃப்ளாட் பேசி முடித்து வழக்கறிஞர் வரைக்கும் போயிருக்கிறது, ஒப்பந்தம் இன்னும் கைமாறவில்லை. வீட்டு விலை விழும், விட்டுவிடலாம் என்கிறாள் மனைவி. வங்கியில் இருக்கும் பணத்துக்கு ஏதாவது ஆகுமா என்ற பயமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேனரிவார்ஃப்_இரவுப்பணி (25 ஜூன், சனி காலை)

நான் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வாங்கி விற்பவன் இல்லை, அவர்கள் செய்த வியாபாரத்தின் கணக்கைச் சரிபார்க்கிற பிரிவு. வியாழன் ராத்திரி எங்களையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு பவுண்ட் 1.50 டாலரைத் தொட்டது. இந்த வருடத்திலேயே அதுதான் உச்சம். அந்த வாரம் முழுக்கவே ரீமெய்ன் ஜெயிக்கும் என்று நம்பிப் பலர் பவுண்டை வாங்கிக் குவித்திருந்தார்கள், விழும்போது இவ்வளவு ஆழமாக விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நள்ளிரவு வாக்கில் நியூகாசில் முடிவு வந்தது. ரீமெய்ன் சுலபமாக ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டிருந்த ஊர், 50.7 சதவீதம்தான் கிடைத்தது. ஹாலில் பேச்சு குறைந்தது. கொஞ்ச நேரத்தில் சண்டர்லாந்து, வெளியேறு என்பதற்கு 61 சதவீதம். என் பக்கத்து இருக்கைக்காரர் பீட்சாத் துண்டைக் கடித்தபடி திரையைப் பார்த்தார், அதை மென்று விழுங்குவதற்குள் எண் நாலைந்து முறை மாறிவிட்டது. விடிவதற்குள் 1.32. 1985-க்குப் பிறகு பவுண்ட் இவ்வளவு கீழே போனதில்லை. பிறகு கொஞ்சம் ஏறி 1.37 பக்கம் நின்றது.

பங்குச் சந்தையில் காலையில் ஃபுட்ஸி 100 (லண்டன் சந்தையின் மிகப் பெரிய நூறு கம்பெனிகளின் குறியீடு) எட்டு சதவீதத்துக்கு மேல் சரிந்துவிட்டு, மாலையில் மூன்று சதவீதச் சொச்சம் இறக்கத்தில் முடிந்தது. அதைப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறார்கள், அது சரியில்லை. அந்த நூறு கம்பெனிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டில், டாலரில் சம்பாதிப்பவை, பவுண்ட் விழுந்தால் அவற்றின் லாபம் பவுண்டுக் கணக்கில் கூடும். உள்நாட்டு நிலவரம் தெரியவேண்டும் என்றால் அவற்றுக்கு அடுத்த அளவிலான கம்பெனிகளின் குறியீடான ஃபுட்ஸி 250-ஐப் பாருங்கள், ஒரே நாளில் ஏழு சதவீதம் போய்விட்டது. பார்க்லேஸ் வங்கியின் பங்கு கிட்டத்தட்ட 18 சதவீதம். வீடு கட்டும் டெய்லர் விம்பி 29 சதவீதம். வீட்டு விலை பற்றிய பயம் உங்கள் மனைவிக்கு மட்டும் இல்லை.

வங்கிப் பணத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். கேமரன் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் மார்க் கார்னி திரையில் வந்து, தேவைப்பட்டால் வங்கிகளுக்குக் கொடுக்க 25,000 கோடி பவுண்ட் தயாராக இருக்கிறது என்றார். 2008 மாதிரி வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல் கையை இழுத்துக்கொள்ளும் நிலை இப்போது இல்லை. தவிர ஒரு வங்கியில் ஒருவருக்கு 75,000 பவுண்ட் வரை அரசு ஏற்பாட்டின்படி பாதுகாப்பு உண்டு. அதற்கு மேல் வைத்திருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஊருக்கு அனுப்புவது பற்றி. பவுண்ட் எங்கே போகும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள், வியாழக்கிழமை ஆபீசில் உங்களுக்குச் சொன்னவர்களும் உறுதியாகத்தான் சொன்னார்கள். எந்தப் பணம் எந்தத் தேதிக்கு வேண்டும் என்று மட்டும் பாருங்கள். கான்கிரீட்டுக்கு வேண்டியதை இப்போதே அனுப்புங்கள். கம்பி கட்டி நிறுத்திவிட்டு மழையில் விட முடியாது. பூச்சு வேலை, டைல்ஸ் எல்லாம் மூன்று மாதம் கழித்து என்றால் அந்தப் பங்கை இரண்டு மூன்று தவணையாக அனுப்பலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

ஃப்ளாட்டுக்கு ஒரே பதில் இல்லை. பத்து வருடம் குடியிருக்கப் போகிறீர்கள், வேலை நிலையாக இருக்கிறது, தவணை ஐந்து வருடத்துக்கு மாறாத வட்டி என்றால் நான் விடமாட்டேன். ஆனால் ஒப்பந்தம் கைமாறாத வரைக்கும் விலை பேச உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். இந்த வாரம் விற்கிறவரும் பயந்துதான் இருப்பார்.

ஈஸ்ட்ஹாம்_கடை (25 ஜூன், சனி பின்னேரம்)

தம்பி, நான் ஈஸ்ட்ஹாமில் பலசரக்குக் கடையும் காசு அனுப்புற இடமும் சேர்த்து வைத்திருக்கிறேன், பதினாறு வருசமாச்சு. நேற்றுப் போல ஒரு வெள்ளிக்கிழமையை நான் காணவில்லை.

கடையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கு, அதில்தான் அன்றன்றைய விலையை மார்க்கரால் எழுதிப் போடுவது. வியாழன் இலங்கை ரூபாய் 213 என்று எழுதியிருந்தேன். வெள்ளி காலமை கடை திறக்க முன்னமே வாசலில் ஐந்தாறு சனம். நான் 213-ஐ அழித்துவிட்டு 197 என்று எழுதின உடனே ஒரு அம்மா "இது பிழையாக எழுதியிருக்கிறாய் ராசா" என்றா. பிழை இல்லை அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ கிளிநொச்சியில் இருக்கிற தங்கச்சிக்கு மாதம் 100 பவுண் அனுப்புறவ. கையில் பிடித்திருந்த ஐந்து இருபது தாளையும் ஒருக்கால் எண்ணிப் பார்த்தா, பிறகு கைப்பைக்குள் தேடி இன்னும் ஒரு பத்துத் தாளை எடுத்து மேலே வைத்து "வழமையா வாறது அங்கே குறையக் கூடாது" என்றா. 110 பவுண் அனுப்பினா. அவவின் பென்சன் அதே பென்சன்தான்.

பத்தரை மணிக்குள் பலகையை நாலு தரம் அழித்து எழுதிவிட்டேன். கடைசியில் விலையை எழுதாமல் "கேட்கவும்" என்று போட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்ல வேணும். ஊரில் காணி விற்ற காசை இஞ்ச கொண்டு வர இருந்த ஒரு ஆள் சந்தோசமாகத்தான் வந்தார், அவருக்கு ஒரே இரவில் லாபம்.

சாமான் விலையைக் கேட்டு எல்லாரும் போன் எடுக்கிறார்கள். இப்ப ஏறாது. களஞ்சியத்தில் இருக்கிற அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் டின் எல்லாம் பழைய விலைக்கு வாங்கினது, அது ஆறு எட்டுக் கிழமைக்குக் காணும். அரிசியும் டின்னும் டொலரில்தான் வாங்குகிறோம், அதனால் அடுத்த கொள்கலன் வரேக்க வித்தியாசம் தெரியும், ஆகஸ்ட் கடைசி என்று வையுங்கோ. மரக்கறி கெதியா ஏறும், விமானத்தில் கிழமைக்கு இரண்டு தரம் வாறது, கூலியும் டொலர்தான். நேற்று ஒரு வீட்டார் 20 கிலோ அரிசி மூட்டை ஆறு ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படிச் செய்யாதேங்கோ, வெயில் காலம், வண்டு பிடிக்கும்.

ஸ்லௌ_வாசி (25 ஜூன், சனி இரவு)

எல்லோரும் வெளியேறு என்று போட்டவர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி எழுதுகிறார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன், நான் வெளியேறு என்றுதான் போட்டேன். எங்கள் ஸ்லௌவில் 54 சதவீதம் அப்படித்தான் போட்டார்கள், அதில் நம்மவர்களும் நிறைய இருப்பார்கள்.

என் காரணம் இது. 2013-இல் அப்பா இறந்துவிட்டார், காரைக்குடியில் அம்மா தனியாக இருக்கிறார், நான் ஒரே பிள்ளை. அம்மாவை இங்கே கூட்டிவர மனு போட்டேன். 2012 ஜூலையில் வந்த விதிப்படி, பெற்றோர் அன்றாட வேலையைத் தானாகச் செய்ய முடியாத நிலையில் இருக்கவேண்டும், அந்தக் கவனிப்பு நாம் பணம் கொடுத்து உதவினாலும் ஊரில் கிடைக்கவில்லை, அல்லது கட்டுப்படியாகவில்லை என்றும் காட்டவேண்டும். என் அம்மா தானே குளிக்கிறார், தானே ஒரு டம்ளர் கஞ்சி வைத்துக்கொள்கிறார், அதனால் முடியாது என்று கடிதம் வந்தது. அதே நேரத்தில் என்னோடு வேலை பார்க்கும் போர்ச்சுகல்காரர் தன் அப்பா அம்மாவை ஒரு விசாவும் இல்லாமல் கூட்டிவந்து வைத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனிதர். ஆனால் பதினான்கு வருடமாக வரி கட்டுகிற எனக்கு ஒரு கதவு, அவருக்கு ஒரு கதவு என்றால் எப்படி? வெளியேறினால் எல்லோருக்கும் ஒரே விதி வரும் என்றார்கள். சமையல்காரர்கள்கூட நம் பக்கத்தில் இருந்து வரலாம் என்று வெளியேறு பக்கம் நின்ற அமைச்சர் ப்ரீத்தி படேல் சொன்னார். பவுண்ட் விழும் என்று தெரிந்தேதான் போட்டேன். நானும் ஊருக்கு அனுப்புகிறவன்தான்.

லெஸ்டர்_டச்சுப்பிள்ளை (26 ஜூன், ஞாயிறு)

ஸ்லௌ அண்ணா, நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். கோபத்தோடு பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆறு வயதில் நெதர்லாந்துக்குப் போய், அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு 2007-இல் லெஸ்டருக்கு வந்தவள். இங்கே எங்களைப் போல ஹொலண்டில் இருந்தும் ஜெர்மனி, டென்மார்க், பிரான்சில் இருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், கோயில் இருக்கு, சொந்தம் இருக்கு என்று வந்தவர்கள். 2010-இல் என் அம்மாவை யாழ்ப்பாணத்தில் இருந்து என்னிடம் கூப்பிட முடிந்தது, அதுவும் நான் டச்சுக் குடிமகள் என்பதால்தான். நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது கதவால் வந்தவள் என் அம்மா. அதனால் உங்கள் வருத்தம் எனக்கு விளங்குகிறது.

ஆனால் அந்த 2012 விதியை எழுதினது பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றியம் இல்லை அண்ணா. அது இந்த நாட்டு அரசு தானாகப் போட்டது. மனைவியைக் கூப்பிட வருசத்துக்கு 18,600 பவுண் உழைக்கவேணும் என்கிறதும் அதே நாளில் வந்ததுதான். ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் அந்த விதி எடுபடும் என்று ஒருவரும் எங்கேயும் எழுத்தில் தரவில்லை. உங்கள் அம்மாவுக்குக் கதவு திறக்காது, என் அம்மாவுக்குத் திறந்திருந்ததும் மூடலாம். எனக்கு அதுதான் பயம்.

இன்னொரு விசயம் என்னை இரண்டு நாளாக வாட்டுகிறது. ஒன்பது வருசமாக இங்கே வேலை செய்து வரி கட்டுகிற எனக்கு இந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. ஒன்றிய நாட்டவர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ்காரருக்கு மட்டும்தான் உண்டு. மேல் அறையில் வாடகைக்கு இருக்கிற சென்னைப் பிள்ளை மாணவர் விசாவில் வந்து ஒன்பது மாதம், இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால் அவளுக்கு வாக்கு இருந்தது. அவள் மழையில் நனைந்துகொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தாள். எனக்காகவும் சேர்த்துத்தான் போட்டேன் அக்கா என்றாள். லெஸ்டரில் ரீமெய்ன் 51 சதவீதம், அவளுடையதும் அதுக்குள் ஒன்று.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் போலந்துத் தாய்மார் மூன்று பேர் ஒரு பக்கமாக நின்றார்கள். வழக்கமாக எல்லாரோடும் சிரித்துப் பேசுகிறவர்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் வீட்டுக்கு வந்து "நாங்கள் எப்ப போகவேணும் அம்மா?" என்று கேட்டான், வகுப்பில் யாரோ சொன்னார்களாம். நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிவிட்டேன், அவன் நித்திரையான பிறகு ஒன்றிய நாட்டவர்கள் இங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்குப் போடும் படிவத்தை இறக்கிப் பார்த்தேன். 85 பக்கம்.

என்னைப் போல இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போது சட்டம் எதுவும் மாறவில்லை. ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆவது பிரிவின்படி வெளியேறுவதாக அறிவித்தால்தான் இரண்டு வருசக் கணக்கே தொடங்கும், கேமரன் அதை அடுத்த பிரதமரிடம் விட்டுவிட்டார். அதுக்குள் காகிதங்களைச் சேருங்கள். ஐந்து வருசத்துச் சம்பளப் பத்திரம், வேலை தருபவர் வரி ஆண்டுக் கடைசியில் தரும் பி60 என்ற சம்பள, வரிச் சான்று, கவுன்சில் வரி பில். இடையில் படிப்புக்காக வேலையை விட்டவர்கள் கவனம், அந்தக் காலத்துக்குத் தனி மருத்துவக் காப்புறுதி இருந்திருக்கவேணும் என்று கேட்கிறார்கள். நான் இரண்டு வருசம் படித்தேன், அப்படி ஒன்று தேவை என்று ஒருவரும் அப்போது சொல்லவில்லை. படிவத்துக்குக் கட்டணம் 65 பவுண்தான், வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டு நூற்றுக்கணக்கில் கேட்கிறவர்களிடம் அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

ஸ்லௌ_வாசி (26 ஜூன், ஞாயிறு இரவு)

தங்கச்சி, 2012 விதி இங்கே போட்டது என்பது எனக்கும் தெரியும். ஒன்றியத்து ஆட்களைக் குறைக்க முடியாததால்தான் நம்மை இறுக்குகிறார்கள் என்று பிரச்சாரத்தில் சொன்னதை நம்பினேன், இன்றைக்கும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உன் மகன் கேட்டதைப் படித்துவிட்டு சாப்பாடு இறங்கவில்லை. ஏற்கனவே இங்கே இருப்பவர்களைப் போகச் சொல்வதற்காக நான் வாக்குப் போடவில்லை. உங்கள் ஊர் எம்.பி.க்கு எழுது, நானும் என் எம்.பி.க்கு எழுதுகிறேன், இருக்கிறவர்கள் இருக்கட்டும் என்று வெளியேறு போட்டவனே எழுதினால் கொஞ்சமாவது படிப்பார்கள்.

ஹாரோ_குடித்தனம் (28 ஜூன், செவ்வாய்)

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை பவுண்ட் இன்னும் இறங்கியது, கடன் தரம் மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் இந்த நாட்டின் கடன் தரத்தை உச்சமான மூன்று ஏ-யிலிருந்து இரண்டு படி கீழே இறக்கிவிட்டது. இன்று காலை 90 ரூபாய்க்கு 6,000 அனுப்பிவிட்டேன். 5,40,000 ரூபாய். அப்பாவிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். "அங்கே ஓட்டுப் போட்டால் இங்கே கம்பி குறையுமா?" என்று கேட்டார், பிறகு "சரி, போர்ட்டிகோவை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். மீதி 2,000 பூச்சு வேலைக்கு, அதை வைத்திருக்கிறேன்.

ஹாரோ_குடித்தனம் (8 அக்டோபர் 2016, சனி)

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், கேட்டவன் என்ன ஆனான் என்று சொல்லாமல் போவது சரியில்லை.

ஜூலை இரண்டாம் வாரத்தில் கான்கிரீட் போட்டாகிவிட்டது. ஃப்ளாட்டுக்கு விலை பேசினேன், விற்பவர் 7,000 பவுண்ட் குறைத்தார். ஆகஸ்ட் 4-ஆம் தேதி இங்கிலாந்து வங்கி வட்டியை 0.25 ஆக இறக்கியதும் அந்த மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஈஸ்ட்ஹாம் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது, ஆகஸ்ட் கடைசியில் நாங்கள் வாங்கும் பொன்னி அரிசி மூட்டை விலை ஏறியது.

அந்த 2,000 பவுண்டைத்தான் இன்னும் கையில் வைத்திருந்தேன், ஏறும் ஏறும் என்று. வியாழன் நள்ளிரவு தாண்டியதும் ஆசியச் சந்தையில் சில நிமிடங்களுக்குள் பவுண்ட் 1.20 டாலருக்கும் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்குக் கடையில் 81 ரூபாய் 80 காசு. தீபாவளிக்கு முன்னால் பூச்சு முடியவேண்டும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சுவர் காயாது என்கிறார் அப்பா. திங்கட்கிழமை கடை திறந்ததும் அனுப்பிவிடுகிறேன், என்ன விலையாக இருந்தாலும் சரி.

லெஸ்டர் அக்கா, உங்கள் படிவம் என்ன ஆயிற்று? வீட்டில் அடிக்கடி கேட்கிறாள்.